வரீதா தொட்டுப் பார்த்த கை

அவ்ராஸ் மலைப்பக்கத்து வீடுகளில், நடக்க முடியாத ஒரு பெண்ணைத் தூக்கி வண்டியில் ஏற்ற அவள் மகனோ உடன்பிறந்தவனோதான் வர வேண்டும். மகன்கள் தலைநகரில் இருந்தார்கள், கடல் கடந்து மார்செய்லில் இருந்தார்கள். வாசலில் வந்து நிற்கும் டிரைவர் அந்நிய ஆண். அதனால் சில பெண்கள் டயாலிசிஸ் நாளில் போகாமல் வீட்டிலேயே கிடந்தார்கள். இரண்டு முறை தவறினால் உடம்பு ஊதி, மூச்சு முட்டி, மூன்றாம் முறை, அங்கே அவசர நோயாளிகளையும் கொண்டுபோகிற தீயணைப்புக்காரர்களின் சிவப்பு வண்டி வந்து தூக்கிப் போகும். அப்போது யார் ஆண், யார் பெண் என்று பார்க்க எவருக்கும் நேரம் இருக்காது. நோயாளிகளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோய்த் திரும்பக் கொண்டுவருவதற்கென்று நாலு வேன் வைத்திருந்த முதலாளி, துணையாளாக ஒரு பெண் வேண்டும் என்று ஊரில் சொல்லிவைத்தார். ஆறு மாதம் எவரும் வரவில்லை. பிறகு வரீதா வந்தாள்.

அவளுக்கு அப்போது முப்பத்தெட்டு வயது. பிள்ளை இல்லை என்று புருஷன் தலாக் கொடுத்து அனுப்பியிருந்தான். அண்ணன் வீட்டுப் பின்னறையில் இருந்தாள்.

"என்ன படிச்சிருக்கே?" என்று முதலாளி கேட்டார்.

"ஒம்பதாவது."

"ஆளைத் தூக்க முடியுமா?"

"அண்ணன் வீட்ல ரவை மூட்டையை நான்தான் தூக்கறேன், ஹாஜி."

"மூட்டை கத்தாது. ஆளு கத்தும்."

"கத்துனா பேசிக்கலாம்."

அவர் சிரித்துவிட்டு அவளைப் பயிற்சிக்கு நகரத்துக்கு அனுப்பினார்.

பயிற்சியில் பெரும்பாலும் ஆண்கள். முதுகை வளைக்காமல் முழங்காலை மடக்கித் தூக்குவது, படுத்திருப்பவருக்கு அடியில் விரிப்பைச் செருகி உருட்டுவது, மாடிப்படியில் நாற்காலியை இறக்கும்போது யார் கீழே நிற்பது என்பதையெல்லாம் கற்றுக்கொடுத்தார்கள். ஒரு நாள் ஒவ்வொருவரையும் ஸ்ட்ரெச்சரில் கட்டிப் படுக்கவைத்து ஊரைச் சுற்றி ஓட்டினார்கள். வரீதாவுக்கு வேனின் வெள்ளைக் கூரை மட்டும்தான் தெரிந்தது. எந்தத் தெரு, எந்தத் திருப்பம் என்று தெரியவில்லை. இறக்கிவிட்டதும் சுவரோரம் போய் வாந்தி எடுத்தாள். அதன்பிறகு, படுத்திருக்கிற யாரை ஏற்றினாலும், "இப்போ பெட்ரோல் பங்க் தாண்டறோம், இப்போ வலப்பக்கம் திரும்பறோம்" என்று வழியெல்லாம் சொல்லிக்கொண்டே வருவது அவள் வழக்கமானது.

உங்கள் வண்டிக்கு சைரன் இல்லை, நீங்கள் வைத்தியம் பார்க்கிறவர்கள் இல்லை, ஒருவர் நிலைமை மோசமானால் ஓரமாக நிறுத்தித் தீயணைப்புக்காரர்களைக் கூப்பிடுங்கள் என்றும் அங்கே சொன்னார்கள். எல்லாவற்றையும்விட அதிகமாக அழுத்திச் சொன்னது ஃபிஸ்டுலா வைத்த கையைப் பற்றி. டயாலிசிஸுக்குப் போகிறவர்களின் கையில் இரண்டு ரத்தக் குழாய்களை ஒன்றாகச் சேர்த்துத் தைத்திருப்பார்கள். அந்த இடத்தில்தான் ஊசி ஏறும். அதன் வழியாகத்தான் ரத்தம் எந்திரத்துக்குப் போய்ச் சுத்தமாகித் திரும்பி வரும். அந்தக் கையைப் பிடித்துத் தூக்கக் கூடாது. அதில் பை மாட்டக் கூடாது, வளையல் போடக் கூடாது, அதன்மேல் தலை வைத்துத் தூங்கக் கூடாது. எது அழுத்தினாலும் ரத்தம் உறைந்து குழாய் அடைத்துவிடும். நன்றாக ஓடுகிற கையில் விரல் வைத்தால் தோலுக்கடியில் ஒரு பூனை உறுமுவது போல இருக்கும். ஒவ்வொரு முறை ஏற்றும்போதும் அந்த உறுமலைத் தொட்டுப் பார்க்க வேண்டும்.

ஸலாம் சொன்ன கையோடு வரீதா அவர்கள் மணிக்கட்டைத் தொடுவாள். மூன்று வருடத்தில் அது அவளுக்குக் கை குலுக்குவது போலாகிவிட்டது.

அவள் ஏற்றிப்போனவர்களில் மெபார்க்கா தனி. அறுபதை நெருங்கியவள், புருஷனை இழந்தவள், பருத்த உடம்பு, கூர்மையான நாக்கு. இடக்கையில் இரண்டு முறை குழாய் வைத்து இரண்டும் அடைத்துப்போயின. வலக்கை மணிக்கட்டில் வைத்தது மட்டும் ஆறு வருடமாக ஓடியது. "இதுவும் போனால் தைப்பதற்கு உங்கள் உடம்பில் வேறு குழாய் இல்லை" என்று டாக்டர் சொல்லியிருந்தார். மெபார்க்கா அதை வேனில் எல்லோருக்கும் சொல்லிக்காட்டுவாள். "என் ருஹு, என் உசிரு, நெஞ்சுல இல்ல, இந்தா, இங்க இருக்கு" என்று மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுவாள்.

சனி, திங்கள், புதன் விடியற்காலையில் வேன் அவள் வாசலுக்குப் போகும். டிரைவர் லக்தர் ஐம்பது வயதுக்காரன், இறங்காமல் ஜன்னல் வழியாகவே, ஊர் வழக்கப்படி சித்தி என்று கூப்பிட்டு, வம்புக்கு இழுப்பான்.

"சித்தி, இன்னிக்கு வண்டி ஒருபக்கமா சாயுது. டாக்டர் அளந்து குடிக்கச் சொல்லியும் ரெண்டு நாள்ல எத்தனை சொம்பு தண்ணி குடிச்சீங்க?"

"உன் பொண்டாட்டி போடற காபி அளவுதான்டா. அவதான் கண்ணீர் மாதிரி ரெண்டு சொட்டு ஊத்துவாளே."

"ஆஸ்பத்திரி தராசு பொய் சொல்லாது சித்தி."

"தராசைத் திருடி வித்துடு. புண்ணியமாப் போகும்."

மெபார்க்காவின் ஒரே மகள் ஷைமாவுக்கு அந்த வருடம் கோடை முடிகிற நேரத்தில் கல்யாணம் நிச்சயமானது. கல்யாணத்துக்கு முந்தின புதன்கிழமை டயாலிசிஸ் முடிந்து திரும்பும்போது மெபார்க்கா வரீதாவின் முழங்காலில் தட்டினாள்.

"நாளைக்கு மருதாணி ராத்திரி. நீ வரணும்."

"நான் எதுக்கு சித்தி? பொண்ணுக்கு மருதாணி வைக்கிற எடம். என்னை மாதிரி ஆளு..."

"உன்னை மருதாணி வைக்கச் சொல்லல. சோறு திங்கச் சொல்றேன். வா."

வியாழன் மாலை வரீதா போனாள். கூடத்தில் பெண்கள் நெருக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். தட்டில் மெழுகுவர்த்திகள், முட்டை, சர்க்கரை, நடுவில் குழைத்த மருதாணிக் கிண்ணம். மருதாணி வைப்பவள் நல்லபடியாக வாழ்கிற சுமங்கலியாக இருக்க வேண்டும். மெபார்க்காவின் நாத்தனார் ஹத்தா அதற்கென்றே பொன் அரைக்கச்சை கட்டி உட்கார்ந்திருந்தாள். வரீதா தன் இடம் தெரிந்து கதவோரம் நின்றாள்.

ஷைமாவின் இரண்டு உள்ளங்கையிலும் மருதாணி உருண்டையை வைத்து, மூடி, சிவப்பு நாடாவால் கட்டினார்கள். குலவை எழுந்தது. அடுத்து ஹத்தா மெபார்க்காவின் பக்கம் திரும்பினாள்.

"மதினி, வலக்கையை நீட்டுங்க. பொண்ணைப் பெத்த கை சிவக்கணும்."

மெபார்க்கா நீட்டினாள்.

வரீதா வாய் திறக்க வேண்டாம் என்றுதான் நினைத்தாள். நாடாவைப் பார்த்ததும் முடியவில்லை.

"அம்மா, அந்தக் கையில வேணாம். அது கட்டக் கூடாத கை."

குலவை நின்றது. ஹத்தா கிண்ணத்தைக் கீழே வைத்தாள்.

"யாரு இவ?"

"ஆஸ்பத்திரி வண்டிக்காரி" என்று யாரோ சொன்னார்கள்.

"கட்டுனவனோட வாழத் தெரியாதவ, மருதாணிக் கிண்ணத்துக்கு முன்னால நின்னு வேணாம்னு சொல்றா. கேட்டுக்கங்கடி."

"கோவப்படாதீங்கம்மா. ரத்தம் ஓடற குழாய் அங்கதான் இருக்கு. அந்தக் கை நின்னுபோச்சுன்னா சித்தி இல்ல."

கூடம் முழுக்க, "அஸ்தஃபிருல்லாஹ்!" என்று குரல்கள் எழுந்தன. ஒருத்தி எழுந்துபோய் அடுப்பில் உப்பள்ளிப் போட்டாள். கல்யாணப் பெண் ஷைமா, கட்டிய கைகளோடு அம்மாவைப் பார்த்து விழித்தாள். மெபார்க்கா சிரித்தாள்.

"விடுங்கடி. அவ வேலை அது, அவ சொல்றா." பிறகு வரீதாவிடம் தாழ்ந்த குரலில் சொன்னாள்: "ஆறு வருஷமா இந்தக் கை ஆஸ்பத்திரிக்குச் சொந்தமா இருக்கு. ஒரு ராத்திரி என் மகளுக்குச் சொந்தமா இருக்கட்டும்மா."

அதற்கு மேல் வரீதாவால் பிடிவாதம் பிடிக்க முடியவில்லை. மருதாணி வைத்துக்கொள்ளட்டும், ஆனால் மணிக்கட்டில் நாடா படக் கூடாது, உள்ளங்கையைச் சுற்றி ஒரே ஒரு சுற்று, விரல் நுழைகிற அளவுக்குத் தளர்வாக இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டாள். தானே கட்டிவிடலாமா என்றும் கேட்டாள். "நீ தொடாதே" என்றாள் ஹத்தா. சொன்னாலும், தளர்வாகத்தான் கட்டினாள். வரீதா தள்ளி நின்றபடியே பார்த்தாள். விரல் நுழைந்தது. விருந்துக்குச் சமைத்த கூஸ்கூஸ் சோற்றில் இரண்டு கவளம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் வெள்ளி. மாப்பிள்ளை வீட்டார் ஏழெட்டுக் கார்களில் ஹாரன் அடித்துக்கொண்டு வந்து ஷைமாவை அழைத்துப் போனதை அண்ணி வந்து சொன்னாள்.

சனிக்கிழமை விடியலில் மெபார்க்கா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து காத்திருந்தாள். லக்தர் ஜன்னலை இறக்கினான்.

"கல்யாண வீட்டு இனிப்பு எங்க சித்தி? எங்களுக்கு மட்டும் இல்லையா?"

அவள் வலக்கையை முன்னால் நீட்டினாள். வரீதா இறங்கி ஸலாம் சொல்லி அவள் வலக்கை மணிக்கட்டில் விரல் வைத்தாள். உள்ளங்கை கருஞ்சிவப்பாகப் பிடித்திருந்தது. விரலை நகர்த்திப் பார்த்தாள். குனிந்து காதை வைத்தாள். குழாய் கெட்டியாக, கயிறு போல இருந்தது. சத்தம் இல்லை.

"சித்தி, எப்போலேர்ந்து?"

"வெள்ளி காலைல எந்திரிச்சப்பவே இல்ல."

"வெள்ளி காலைலயா! ஒரு ஃபோன் பண்ணியிருக்கக் கூடாதா? அன்னிக்கே போயிருந்தா அடைப்பை எடுத்திருப்பாங்களே!"

"மத்தியானம் மாப்பிள்ளை வீட்டுக்காரங்க வர்றாங்க. கை நின்னுபோச்சுன்னு சொன்னா என் மக கார்ல ஏறுவாளா? அவ போகட்டும்னு இருந்தேன். போனதுக்கப்புறம் வீடு நெறைய ஆளு. அப்புறம் தூங்கிட்டேன்."

"தளர்வாத்தானே கட்டுனாங்க? நான் பாத்தேனே."

மெபார்க்கா தெருவை ஒருமுறை பார்த்தாள்.

"தளர்வாத்தான் கட்டுனா. என் பக்கத்துலதான் ஷைமா படுத்திருந்தா. தூக்கத்துல என் கட்டு அவுந்து மருதாணி கொட்டியிருக்கு. நெறம் புடிக்காம போயிடுமேன்னு, தன் கையை அவுத்துட்டு எந்திரிச்சு, எனக்கு நல்லா இறுக்கிக் கட்டிவிட்டிருக்கா, மணிக்கட்டு வரைக்கும். காலைல சிரிச்சுக்கிட்டே சொன்னா, 'பாத்தியாம்மா, என்னோடதவிட உன்னோடதுதான் நல்லா சிவந்திருக்கு'ன்னு." அவள் வரீதாவின் கையைப் பிடித்தாள். "இது நமக்குள்ள. அவளுக்குத் தெரியக் கூடாது. சத்தியம் பண்ணு."

"சித்தி, அதுக்கு இப்போ என்ன..."

"சத்தியம் பண்ணாத்தான் வண்டியில ஏறுவேன்."

வரீதா சத்தியம் செய்தாள். லக்தர் முன்னிருக்கையில் இருந்தபடியே எல்லாவற்றையும் கேட்டான்.  வேகமாக ஓட்டினான். ஆனால் அந்த வண்டிக்கு யாரும் வழிவிட மாட்டார்கள். சந்தை நாள் வேறு. ஆட்டு மந்தைகளுக்கும் காய்கறி லாரிகளுக்கும் பின்னால் அவர்கள் நின்று நின்று போனார்கள். மெபார்க்கா ஜன்னலுக்கு வெளியே பார்த்தபடி, மாப்பிள்ளை வீட்டில் எந்த அறையை மகளுக்குக் கொடுத்திருக்கிறார்கள் என்று சொல்லிக்கொண்டு வந்தாள்.

ஆஸ்பத்திரியில் நர்ஸ் கையைத் தொட்டுப் பார்த்துவிட்டு டாக்டரைக் கூப்பிட்டாள். குழாயைத் திறக்கிற சர்ஜன் அன்று இல்லை. மறுநாள் வந்து பார்த்து, நேரம் கடந்துவிட்டது என்றார். கழுத்தின் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குழாயைச் செருகி அதன் வழியாக ரத்தத்தைச் சுத்தம் செய்தார்கள். அது கொஞ்ச காலத்துக்குத்தான் தாங்கும், கிருமி ஏறிவிடும் என்று வரீதாவுக்குப் பயிற்சியிலேயே சொல்லியிருந்தார்கள். மெபார்க்காவுக்கும் தெரியும். அவள் கழுத்தைச் சுற்றி முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு, சனி, திங்கள், புதன் வழக்கம்போல வந்தாள். மணிக்கட்டைத் தூக்கிக் காட்டுவதை நிறுத்திவிட்டாள்.

ஊரில் பேச்சு பரவியது. கை எப்படி நின்றது என்று யாரும் கேட்கவில்லை. ஏனென்றால் எல்லோருக்கும் அது தெரிந்திருந்தது. மருதாணிக் கிண்ணத்துக்கு முன்னால் நின்று, தலாக் ஆன ஒருத்தி, "அந்தக் கை நின்னுபோச்சுன்னா சித்தி இல்ல" என்று சொன்னாள். அடுத்த நாள் கை நின்றது. பிள்ளை பெறாதவளின் கண், மகளைக் கட்டிக்கொடுக்கிற தாயின் மேல் விழுந்துவிட்டது. அண்ணி இதையெல்லாம் ரொட்டி சுட்டுக்கொண்டே வரீதாவிடம் சொன்னாள். சொல்லிவிட்டு, தன் சின்னக் குழந்தையைத் தூக்கி அடுத்த அறையில் விட்டாள்.

"சொல்லிடேன்" என்றான் லக்தர், ஒருநாள் வேன் காலியாக இருந்தபோது. "யாரு கட்டுனதுன்னு நாலு பேர் காதுல போட்டா போதும். உன் வேலைக்கே உலை வைக்கறாங்க. நேத்து முதலாளிகிட்ட ஒருத்தர் வந்து, எங்கம்மாவுக்கு வேற ஆளை அனுப்புன்னாராம்."

"என்ன சொன்னாராம்?"

"வேற பொம்பளை இல்ல, வேணும்னா நான் தூக்கறேன்னாராம்."

"அப்புறம்?"

"அப்புறம் என்ன, நீயே வரலாம்னுட்டு போனாராம்."

வரீதா சிரித்தாள். லக்தர் சிரிக்கவில்லை.

பேச்சு மெபார்க்காவின் காதுக்கும் போயிற்று. குளிர் தொடங்கி மலைமேல் பனி விழுந்திருந்த ஒரு புதன்கிழமை, திரும்பும் வழியில், கம்பளிக்குள்ளிருந்து கேட்டாள்:

"உன்னைத் திட்டறாங்களாமே."

"ஊர் வாய், சித்தி."

"ஹத்தாவைக் கூப்பிட்டு நான் பேசறேன். கண்ணூறு இல்ல, ஒண்ணும் இல்லன்னு."

"பேசுனா அவங்க என்ன கேப்பாங்க? அப்போ நான் இறுக்கிக் கட்டுனேன்னு சொல்றீங்களா மதினின்னு கேப்பாங்க. இல்லன்னு நீங்க சொல்லணும். அப்போ வேற யாருன்னு அடுத்த கேள்வி வரும்."

மெபார்க்கா கம்பளியை இழுத்து மூடிக்கொண்டாள். அவள் இறங்க வேண்டிய திருப்பத்தை வரீதா சொன்னபோது, "உனக்கு நான் பெரிய அநியாயம் பண்றேன்" என்றாள்.

"காலைப் பாத்து வைங்க சித்தி. வழுக்கும்" என்றாள் வரீதா.

அடுத்த வாரம் வேனில் வரும்போதே மெபார்க்காவுக்குக் குளிர்க்காய்ச்சல் கண்டது. உடம்பு தூக்கிப் போட்டது. லக்தர் வண்டியை ஓரம் நிறுத்தினான், வரீதா தீயணைப்புக்காரர்களைக் கூப்பிட்டாள். வேலையின் விதி அப்படி. சிவப்பு வண்டி வந்து, ஸ்ட்ரெச்சரை மாற்றி, கதவைச் சாத்திக்கொண்டு சைரன் போட்டுப் போனது. கூடப் போக வரீதாவுக்கு அனுமதி இல்லை. உள்ளே யாராவது அவளுக்குத் திருப்பங்களைச் சொல்வார்களா என்று நினைத்துக்கொண்டு வேனில் இருந்த மற்ற இரண்டு பேரைக் கொண்டுபோய் ஆஸ்பத்திரியில் சேர்த்தாள். மெபார்க்கா நாலு நாள் இருந்தாள். பிறகு இல்லை.

துக்கம் கேட்க மையத்து வீட்டுக்குப் போகாதே என்று அண்ணி சொன்னாள். வரீதா மூன்றாம் நாள் போனாள். திங்கட்கிழமை, வேலை நாள். வேனை வாசலுக்குத் தள்ளி நிறுத்தி லக்தர் காத்திருந்தான். உள்ளே ஒரு நோயாளி உட்கார்ந்திருந்தாள். நேரம் அதிகம் இல்லை.

கூடத்தில் அதே பெண்கள். வரீதா ஸலாம் சொன்னாள். பாதிப்பேர் பதில் சொன்னார்கள். ஹத்தா எழுந்து நின்றாள்.

"பாக்க வந்தியா, முடிஞ்சிருச்சான்னு?"

"அல்லாஹ் அவங்களுக்கு ரஹ்மத் செய்யட்டும். துஆ செய்யத்தான் வந்தேன்."

"உன் துஆ எங்களுக்கு எதுக்கு? உன் வாயிலேர்ந்து வந்ததை ஏற்கெனவே பாத்துட்டோம்."

மூலையில் ஷைமா சுவரில் சாய்ந்திருந்தாள். முகம் வீங்கியிருந்தது. மூன்று மாதக் கர்ப்பம் என்று வாசலில் யாரோ சொல்லியிருந்தார்கள். அவள் அத்தையைக் கையமர்த்திவிட்டு வரீதாவைப் பார்த்தாள். கோபம் இல்லாமல், கேட்டுத் தெரிந்துகொள்ள விரும்புகிறவளைப் போலக் கேட்டாள்.

"அன்னிக்கு ராத்திரி கை நல்லாத்தானே இருந்துச்சு, அக்கா?"

"நல்லாத்தான் இருந்துச்சு."

"அம்மா எனக்குப் பக்கத்துலதான் படுத்திருந்தாங்க. எல்லாம் சரியாத்தான் இருந்துச்சு. நடுவுல நான் எந்திரிச்சு..." அவள் நிறுத்தினாள். நெற்றி சுருங்கியது. தன் இரண்டு கைகளையும் பார்த்தாள். "நடுவுல நான் எந்திரிச்சப்போகூட..."

வரீதாவுக்கு அடுத்து என்ன வரப்போகிறது என்று தெரிந்தது. இன்னும் ஒரு மூச்சு விட்டால் அந்தப் பெண் அங்கே போய்ச் சேர்ந்துவிடுவாள்.

"என் வாய்தான், மகளே" என்றாள் வரீதா. எல்லோருக்கும் கேட்கும்படி சொன்னாள். "மருதாணி வைக்கிற எடத்துல சொல்லக் கூடாததைச் சொல்லிட்டேன். கண்ணு படாம இருக்க மாஷா அல்லாஹ்னுகூடச் சொல்லல. சபையில அம்மாவை அப்படிப் பாத்ததும் எனக்கு வயித்தெரிச்சல். என்னை மன்னிச்சிடு."

கூடத்தில் ஒரு பெருமூச்சு ஓடியது. ஹத்தா இரண்டு கையையும் தூக்கி, "அவ வாயாலயே சொல்லிட்டா! கேட்டீங்களா, அவ வாயாலயே!" என்றாள். ஷைமாவின் நெற்றி தளர்ந்தது. அவள் கைகளை மடியில் போட்டு, முக்காட்டை முகத்தில் இழுத்துக்கொண்டு, சத்தமாக அழத் தொடங்கினாள். இத்தனை நாள் வராத அழுகை என்று பக்கத்தில் இருந்தவர்கள் சொன்னார்கள். பிறகு முக்காட்டுக்குள்ளிருந்தே சொன்னாள்:

"போயிடுங்க. நாப்பதாம் நாளுக்கும் வராதீங்க."

"வரல" என்றாள் வரீதா.

வெளியே குளிர் முகத்தில் அறைந்தது. லக்தர் எஞ்சினை அணைக்காமல் வைத்திருந்தான்.  ஹத்தாவின் குரல் தெருவரை, வேனுக்குள்ளும், கேட்டிருந்தது. வீட்டு ஜன்னல்கள் திறந்திருந்தன.

வரீதா பின்னால் ஏறிக் கதவைச் சாத்தினாள். உட்கார்ந்திருந்த பெண்ணுக்கு ஃபிஸ்டுலா வைத்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. வரீதா மூன்று முறைதான் அவளை ஏற்றியிருக்கிறாள். சாலை மோசம், கையை எங்கே வைத்திருக்கிறாள் என்று பார்க்க வரீதா குனிந்தாள். அந்தப் பெண் சட்டைக் கையை விரல்நுனிவரை இழுத்துவிட்டு, கையை அக்குளுக்குள் செருகிக்கொண்டு, ஜன்னல் பக்கம் திரும்பினாள்.

"அப்படிச் செருகி வைக்காதீங்கம்மா. அமுங்கும்."

அவள் இன்னும் இறுக்கிக்கொண்டாள். உதடுகள் ஏதோ ஓதின.

வரீதா எழுந்து, டிரைவருக்குப் பின்னால் இருந்த சின்ன இருக்கைக்குப் போய், அவளுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தாள்.

"நான் பாக்கல" என்றாள். "கையை வெளிய எடுத்து மடியில வைங்க. நீங்களே விரல் வெச்சுப் பாருங்க. துடிக்குதா?"

வண்டி நகர்ந்தது. பெட்ரோல் பங்க் தாண்டியது. 

"துடிக்குதாம்மா?" என்று வரீதா, திரும்பாமல், மறுபடி கேட்டாள்.